முப்பது ஆண்டுகள் மறைந்திருந்த பிழை

வகுத்த கணக்கைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். கழித்த கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இது தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் அறிந்த விதி. 84-ஐ 7-ஆல் வகுத்து 12 என்று விடை கண்ட மாணவன், 12-ஐ 7-ஆல் பெருக்கி 84 வரக் கண்டால் மனம் அமைகிறான். கணக்குக் கலை வளர்ந்த இடமெல்லாம் சரிபார்ப்புக் கலையும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. ஆயினும் சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ அந்தக் கேள்விக்கு மட்டுமே விடை தரும். கேளாத கேள்வியைப் பற்றி வாய் திறவாது. அறிஞர் பலர் ஆய்ந்து அமைத்த கணித மென்பொருளில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் மறைந்திருந்த ஒரு பிழையின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகிறது.

அணியும் காரணியும்

எண்களைக் குறுக்கே நிரைகளாகவும் நெடுக்கே நிரல்களாகவும் அடுக்கி அமைத்த அட்டவணையைக் கணித நூலார் அணி என்பர். அறியாத அளவைகள் பல இருந்து, அவற்றை இணைக்கும் சமன்பாடுகளும் பல இருந்தால், அச்சமன்பாடுகளின் எண்களை அணியாக எழுதுவது வழக்கம். நில அளவை, பாலம் அமைத்தல், கோள்களின் பாதையைக் கணித்தல், வானிலை ஆய்வு ஆகிய எத்துறையை எடுத்தாலும் இறுதியில் இத்தகைய அணி ஒன்று வந்து நிற்கும்.

இம்முறை மிகப் பழமையானது. ‘ஒன்பது இயல்கள்’ என்னும் சீனக் கணித நூலின் எட்டாம் இயல் முழுதும் இதைப் பற்றியதே. அந்நூலுக்கு லியூ ஹுயி என்பவர் கி.பி. 263-இல் உரை எழுதினார். அவ்வியலின் முதற் கணக்கு இது: உயர்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 ஆகியவற்றின் மணி 39 அளவு, உயர்தரம் 2, நடுத்தரம் 3, கீழ்த்தரம் 1 எனின் 34 அளவு, உயர்தரம் 1, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 3 எனின் 26 அளவு. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு எவ்வளவு மணி தரும்? எண்ணும் குச்சிகளைப் பலகையில் பரப்பி, ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றொன்றைக் கழித்துக் கழித்து, அறியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச் சீனர் விடை கண்டனர்.

பிற்காலத்தில் கையால் கணக்கிட்டவர்கள் இம்முறையுடன் எளிய காவல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டனர். ஒவ்வொரு நிரையின் எண்களையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையை ஓரத்தில் தனி நிரலாக எழுதினர். மேற்கண்ட கணக்கில் முதல் நிரை 3, 2, 1, 39, கூட்டு 45. இரண்டாம் நிரை 2, 3, 1, 34, கூட்டு 40. இரண்டாம் நிரையை மூன்றால் பெருக்கி, முதல் நிரையின் இரு மடங்கைக் கழித்தால் 0, 5, 1, 24 எனும் புதிய நிரை வரும். அதன் கூட்டு 30. ஓர எண்களிலும் அதே செய்கையைச் செய்தால் 120-இலிருந்து 90 போக 30 வருகிறது. இரண்டும் ஒத்தமையால் அந்தப் படியில் பிழை இல்லை எனலாம்.

இக்காவல் மிக நல்லது; ஆயினும் எல்லாவற்றையும் காக்காது. கணக்கன் தொடக்கத்திலேயே 39 என்பதை 36 என்று எடுத்தெழுதியிருந்தால் கூட்டும் அந்தத் தவறான எண்ணிலிருந்தே பிறக்கும். பின்வரும் படிகள் அனைத்திலும் கூட்டுகள் ஒத்துப்போகும். விடை மட்டும் தவறாக இருக்கும். படிகள் சரியா என்று இக்காவல் கேட்கிறது. தொடக்கம் சரியா என்று கேட்பதில்லை.

முக்கோணக் காரணிகள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பேரறிஞர் காஸ், பாலஸ் முதலிய சிறுகோள்களின் பாதையைக் கணிக்க இந்நீக்கல் முறையை ஒழுங்குபடுத்தினார். பிரெஞ்சுப் படையில் நில அளவை அதிகாரியாக இருந்த ஆந்த்ரே லூயி ஷொலெஸ்கி, தம் துறைக் கணக்குகளுக்காக அதனினும் சுருக்கமான வழியொன்றைக் கண்டு 1910 டிசம்பர் 2ஆம் நாளிட்ட கையெழுத்துப்படியில் விளக்கி வைத்தார். அதை அச்சில் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. முதல் உலகப்போரில் 1918 ஆகஸ்ட் 31 அன்று அவர் உயிர் துறந்தார். உடன் பணியாற்றிய பெனுவா என்னும் அதிகாரி 1924-இல் அம்முறையை வெளியிட்டார். இன்று அது ஷொலெஸ்கியின் பெயராலேயே வழங்குகிறது.

இவற்றின் உட்பொருள் யாதெனின், ஓர் அணியை இரண்டு எளிய அணிகளின் பெருக்கமாகப் பிரிப்பதே. 15 என்னும் எண்ணை 3, 5 எனக் காரணிகளாகப் பிரிப்பது போன்றது இது. காரணிகளுள் ஒன்றில் மூலைவிட்டத்திற்கு மேலே எல்லாம் சுழி. மற்றொன்றில் கீழே எல்லாம் சுழி. முக்கோண வடிவான இத்தகைய அணி கிடைத்துவிட்டால் அறியாதவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே விடுபடும். காஸின் நீக்கல் முறை உண்மையில் இத்தகைய காரணிப்படுத்தலே என்பதை ஆங்கிலக் கணித மேதை ஆலன் டூரிங் 1948-இல் வெளிவந்த கட்டுரையில் தெளிவுற எடுத்துக்காட்டினார்.

ஐயமும் தெளிவும்

கணக்கிடும் பொறி எதுவாயினும் அது வரையறுத்த இலக்கங்களையே ஏந்தும். எஞ்சியவற்றை வெட்டியோ திருத்தியோ விடும். ஆயிரக்கணக்கான படிகளில் இச்சிறு பிழைகள் பெருகினால் விடை என்னாகும்? அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஹோட்டலிங் 1943-இல் இக்கேள்வியை ஆராய்ந்து, ஒவ்வோர் அறியாத அளவைக்கும் பிழை நான்கு மடங்காகப் பெருகக்கூடும் என்று மதிப்பிட்டார். அம்மதிப்பின்படி 18 அறியாத அளவைகள் கொண்ட கணக்கில் பிழை 1,700 கோடி மடங்குக்கு மேல் பெருகும். பத்து இலக்கம் ஏந்தும் பொறியில் ஓர் இலக்கமும் மிஞ்சாது என்பது இதன் பொருள்.

இங்கிலாந்தின் டெடிங்டன் நகரிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வில்கின்சன் என்னும் இளைஞர் 1946-இல் பணியில் சேர்ந்தார். சில காலத்திற்குள் அங்கே 18 சமன்பாடுகள் கொண்ட கணக்கொன்று வந்தது. வில்கின்சனும் டூரிங்கும் ஃபாக்ஸ், குட்வின் என்னும் இருவரும் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு அதைத் தீர்த்தனர். அச்சம் பொய்த்தது. கண்ட விடைகளைச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது அவை வியக்கத்தக்க நுட்பத்துடன் பொருந்தின.

இதன் காரணத்தை வில்கின்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கணக்கிட்டுப் பெற்ற விடை, கொடுத்த கணக்கின் சரியான விடை அன்று. ஆனால் கொடுத்த கணக்கிலிருந்து மிகச் சிறிதே வேறுபட்ட மற்றொரு கணக்கின் சரியான விடை. அவர் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நிலைநாட்டியது. 1970-இல் டூரிங்கின் பெயரால் அமைந்த பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

சரிபார்ப்புக்கு இக்கருத்து உறுதியான அளவுகோல் ஒன்றைத் தந்தது. காரணிகளைப் பெருக்கிப் பார். வந்த அணியை மூல அணியுடன் ஒப்பிட்டுப் பார். வேறுபாடு பொறியின் நுட்பத்திற்கு ஏற்ற அளவில் இருந்தால் காரணிப்படுத்தல் நன்று. பள்ளிப் பிள்ளையின் பெருக்கிப் பார்க்கும் விதியே ஈண்டு அறிவியலின் உயரிய விதியாக நின்றது.

அறிஞர் தொகுத்த நூலகங்கள்

1971-இல் வில்கின்சனும் ரைன்ஷ் என்பவரும் அணிக் கணக்குகளுக்குரிய கட்டளைக் கோவைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். அவற்றுள் ஒரு பகுதியை அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தார் பல்கலைக்கழகங்களின் துணையுடன் ஃபோர்ட்ரான் மொழியில் அமைத்து ‘ஐஸ்பேக்’ எனப் பெயரிட்டு வழங்கினர். அவ்வேலைத்திட்டத்தின் பெயரிலேயே மென்பொருளைச் சோதித்தல் என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. எழுதுவது ஒரு பணி, சோதிப்பது மற்றொரு பணி, இரண்டும் சமம் என்ற எண்ணம் வேரூன்றிய காலம் அது.

அதன்பின் டொங்கரா, பஞ்ச், மோலர், ஸ்டூவர்ட் ஆகிய நால்வர் சேர்ந்து ‘லின்பேக்’ என்னும் தொகுப்பை உருவாக்கி, 1979-இல் அதன் வழிகாட்டி நூலை வெளியிட்டனர். வெளியிடுமுன் பல இடங்களிலிருந்த கணினிகளில் அதை இயக்கிப் பார்த்தனர். 1992-இல் ‘லாபேக்’ என்னும் பெருந்தொகுப்பு அதன் இடத்தைப் பெற்றது. இன்றும் கணித மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளமாக இருப்பது லாபேக்கே.

லாபேக்குடன் சோதனைக் கட்டளைகளும் சேர்ந்தே வருகின்றன. காரணிகளைப் பெருக்கி மூல அணியிலிருந்து கழித்து, எஞ்சிய வேறுபாட்டை அணியின் பருமனாலும் அளவாலும் பொறியின் நுட்பத்தாலும் வகுத்து ஒரு விகிதம் காண்பர். அவ்விகிதம் 30 என்னும் வரம்பிற்குள் இருந்தால் தேர்ச்சி, மீறினால் தோல்வி. வில்கின்சனின் கருத்து இவ்வாறு ஒவ்வொரு கணினியிலும் காவல் நிற்கிறது. இத்தனைக் காவலையும் தாண்டிய பிழை எது?

நீண்டதை முதலில் எடுக்கும் முறை

‘கியூ-ஆர்’ என்னும் காரணிப்படுத்தல் ஒன்று உண்டு. அதில் ஒரு காரணி ஒன்றுக்கொன்று செங்குத்தான நிரல்களைக் கொண்டது. மற்றொன்று முக்கோண அணி. 1965-இல் புசிங்கர், கோலுப் என்னும் இருவர் இதில் ஒரு தேர்வு விதியைப் புகுத்தினர். நிரல்களுள் மிக நீண்டதை முதலில் எடுக்க வேண்டும். மற்ற நிரல்களிலிருந்து அதனோடு ஒத்த பகுதியை நீக்க வேண்டும். எஞ்சிய பகுதிகளுள் மிக நீண்டதை அடுத்து எடுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் முக்கோண அணியின் மூலைவிட்ட எண்கள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வரும்.

இந்த இறங்குவரிசைக்குப் பயன் உண்டு. சில நிரல்கள் புதிய செய்தி தருவன. சில, முன்னவற்றின் கலவையே அன்றிப் புதிதாக எதுவும் தராதன. உண்மையில் தனித்து நிற்பவை எத்தனை என்பதே அணியின் தரம். மூலைவிட்ட எண்கள் இறங்கி, எங்கே புறக்கணிக்கத்தக்க சிறுமையை அடைகின்றனவோ அங்கே நிறுத்தி எண்ணினால் தரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அளவீடுகளிலிருந்து விதியைக் காண முயலும் பொறியியலாரும் அறிவியலாரும் இத்தர எண்ணை நம்பியே முடிவு செய்கின்றனர்.

அளக்காமல் கணித்த நீளம்

ஒவ்வொரு படியிலும் எஞ்சிய நிரல்கள் அனைத்தையும் புதிதாக அளப்பது மிகுந்த உழைப்பு. ஆகவே ஒரு குறுக்குவழி பின்பற்றப்பட்டது. பழைய நீளத்தின் வர்க்கத்திலிருந்து, நீக்கிய பகுதியின் வர்க்கத்தைக் கழித்தால் எஞ்சிய நீளத்தின் வர்க்கம் கிடைக்கும். பித்தாகரசு தேற்றம் சொல்வது இதுவே. கணிதத்தில் இதற்கு மறுப்பில்லை. ஆயின் கணினியின் கணக்கில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது.

நான்கு இலக்கம் மட்டுமே ஏந்தும் ஒரு பொறியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு நிரலில் நீக்க வேண்டிய பகுதி 100, எஞ்சும் பகுதி 1 எனக் கொள்வோம். நீளத்தின் வர்க்கம் 10001. நான்கு இலக்கப் பொறி இதை 10000 என்றே எழுதும். அதிலிருந்து 100-இன் வர்க்கமாகிய 10000-ஐக் கழித்தால் சுழி. எஞ்சிய நிரல் ஒன்றுமில்லை என்று பொறி சொல்கிறது. நேரே அளந்திருந்தால் 1 என்று சரியாகச் சொல்லியிருக்கும். மற்ற நிரல்களின் எஞ்சிய பகுதிகள் 1-ஐ விடச் சிறியவை என்றால், அடுத்து எடுக்க வேண்டிய நிரல் இதுவே. பொறியோ இதைக் கடைசிக்குத் தள்ளிவிடும்.

லின்பேக் அமைத்தவர்கள் இவ்விடரை அறியாதவர்கள் அல்லர். அதற்கும் ஒரு காவல் வைத்தனர். எஞ்சிய வர்க்கத்திற்கும், முன்பு நேரே அளந்த வர்க்கத்திற்கும் உள்ள விகிதத்தை 0.05-ஆல் பெருக்கி 1-உடன் கூட்டிப் பார்த்தனர். கூட்டியும் 1 என்பது மாறாவிட்டால் அவ்விகிதம் மிகச் சிறியது. அப்போது குறுக்குவழியை விடுத்துப் புதிதாக அளக்க வேண்டும் என்பது கட்டளை. லாபேக்கும் இக்கட்டளையை அப்படியே மேற்கொண்டது.

இக்காவலில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, அது மிகத் தாமதமாக விழித்தது. விகிதம் அவ்வளவு சிறுமை அடைவதற்குள் அதன் நம்பத்தக்க இலக்கங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். இரண்டாவது, அது பொறியின் இயல்பைச் சார்ந்து நின்றது. சில செயலிகள் தம் உள்ளறையில் 19 இலக்க நுட்பம் வரை வைத்துக் கணக்கிடும். நினைவகத்தில் எழுதும்போது 16 இலக்கமாகக் குறைக்கும். 16 இலக்கக் கணக்கில் 1-ஐ மாற்றாத சிறு எண், 19 இலக்கக் கணக்கில் அதை மாற்றிவிடும். எனவே ஃபோர்ட்ரான் கட்டளைகளைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பி அந்த எண்ணை எங்கே வைத்தது என்பதைப் பொறுத்து, காவல் ஓரிடத்தில் விழித்தது, மற்றோரிடத்தில் உறங்கியது.

சாகிரெபு அறிஞர் கண்டது

குரோவேசிய நாட்டின் சாகிரெபு பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிற்றும் ஸ்லாட்கோ டிர்மாச், ஸ்வோனிமிர் புயனோவிச் ஆகிய இருவர் இப்பிழையை வெளிப்படுத்தினர். ஒரே கட்டளைக் கோவை இடத்திற்கு இடம் மாறுபட்டு நடந்துகொள்வதையும், இறங்கி வர வேண்டிய மூலைவிட்ட எண்கள் சில அணிகளில் முறைகெட்டு நிற்பதையும் அவர்கள் காட்டினர். அதனால் அணியின் தரம் உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடப்படலாம் என்பதையும் விளக்கினர். பிழை லின்பேக் காலம் தொட்டே வருவது என்பதும், அதன்மேல் கட்டப்பட்ட மென்பொருள்கள் பலவற்றையும் அது பாதித்திருந்தது என்பதும் அவர்கள் ஆய்வால் புலனாயின.

சோதனைகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் மையம். தேர்வு விதியுடன் கூடிய கியூ-ஆர் முறைக்கு லாபேக்கின் சோதனை மூன்று கேள்விகளைக் கேட்டது. காரணிகளைப் பெருக்கினால், நிரல்கள் இடம் மாறிய மூல அணி திரும்ப வருகிறதா? முதற் காரணியின் நிரல்கள் செங்குத்தாக உள்ளனவா? முக்கோண அணியின் சிறப்பளவுகள் மூல அணியின் சிறப்பளவுகளுடன் ஒக்கின்றனவா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்பதே விடை. ஏனெனில் நிரல்களை எந்த வரிசையில் எடுத்தாலும் பெருக்கம் சரியாகவே வரும், செங்குத்துத் தன்மையும் கெடாது, சிறப்பளவுகளும் மாறா. தவறியது வரிசை ஒன்றே. வரிசை சரியா என்னும் நான்காம் கேள்வியை எவரும் கேட்கவில்லை. அந்த வரிசைக்காகவே இம்முறை ஏற்பட்டது என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும்.

கட்டளைகளை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியும் வரையறுத்த இலக்கங்களில் என்ன செய்யும் என்று கணித்துப் பார்த்ததால்தான் பிழையின் வேர் தெரிந்தது. சோதனை முடிவுகளை மட்டும் நோக்கியிருந்தால் அது தெரிந்திராது.

அவர்கள் தந்த மருந்து மிகச் சிறியது. 1-உடன் கூட்டிப் பார்க்கும் சோதனையை நீக்கி, விகிதம் பொறி நுட்பத்தின் வர்க்கமூலத்தைவிடச் சிறுத்தால் உடனே புதிதாக அளக்க வேண்டும் என்று விதித்தனர். 16 இலக்கக் கணக்கில் அது ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அஃதாவது, இலக்கங்களில் பாதி போகும் அளவிலேயே காவல் விழித்துக்கொள்ளும். செயலியின் உள்ளறையில் மூன்று இலக்கம் கூடினாலும் குறைந்தாலும் இவ்வரம்பு தடுமாறாது. மாறிய வரிகள் மிகச் சில. கணக்கிடும் நேரமும் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. 2006 நவம்பரில் வெளிவந்த லாபேக் 3.1.0 பதிப்பில் இத்திருத்தம் இடம்பெற்றது. 2008-இல் அவர்களது ஆய்வுரை கணித மென்பொருளுக்குரிய ஆய்விதழில் வெளியாயிற்று. மாற்றிய வரிகளின் அருகே, மாற்றம் யாருடையது, அதற்கு ஆதாரமான ஆய்வுரை எது என்னும் குறிப்புகள் கட்டளைக் கோவையிலேயே எழுதப்பட்டுள்ளன. பின்னால் படிப்பவர் காரணம் அறியாமல் அவ்வரிகளை அழித்துவிடாமல் இருக்க இது துணை செய்யும்.

வரலாறு தரும் படிப்பினை

பிழையைக் கொண்டு முன்னோரைக் குறை கூறுவது பொருந்தாது. லின்பேக் அமைத்த நால்வரும் துறையின் தலைசிறந்த அறிஞர்கள். இடரை உணர்ந்து காவலும் வைத்தவர்கள். அவர்கள் கட்டளைகளை எவரும் படிக்கும்படி வெளிப்படையாக வைத்ததால்தான் 30 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் இருவர் அவற்றைப் படித்துத் திருத்த முடிந்தது. மூடி வைத்திருந்தால் முறைகெட்ட விடை மட்டும் தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திராது.

புகழ் ஒரு பொருளைக் காக்கும் என்று எண்ணுவது தவறு. எல்லாரும் நம்பும் கட்டளைக் கோவையை எவரும் மீண்டும் படிப்பதில்லை. எல்லாச் சோதனைகளிலும் தேறிய ஒன்றைப் பற்றி, சோதனைகள் போதுமானவையா என்று கேட்பாரும் அரியர். ஓரத்தில் எழுதிய கூட்டு, பெருக்கிப் பார்க்கும் விதி, முப்பது என்னும் வரம்பு ஆகிய மூன்றும் மதிக்கத்தக்க காவல்களே. எனினும் ஒவ்வொன்றுக்கும் அது காவாத வாயில் ஒன்று உண்டு.

மாணவன் பெருக்கிப் பார்த்து 84 வந்தது என்று காட்டும்போது ஆசிரியர் மகிழலாம். அத்துடன், அவனிடம் கேட்கப்பட்ட கணக்கு 84-ஐ 7-ஆல் வகுப்பதுதானா, 48-ஐ வகுப்பதா என்று வினாத்தாளையும் ஒருமுறை நோக்குவது நன்று. விடையைச் சோதிப்பது அறிவின் முதற்படி எனின், சோதனையையே சோதிப்பது அதன் அடுத்த படியாகும்.